ஆளுக்கு நூற்று எண்பத்து நான்கு கிலோ

ஆர்கிரிஸ் எங்கள் கம்பெனியில் சேர்ந்தபோது இரண்டே இரண்டு விமானங்கள் இருந்தன. இப்போது பதினொன்று. இடையில் ஓடிய இருபத்தாறு வருடமும் அவர் பார்த்தது ஒரே வேலை. விமானம் கிளம்பும்போது தொட்டியில் எத்தனை கிலோ எரிபொருள், இறங்கும்போது மிச்சம் எத்தனை என்று விமானிகள் கிறுக்கிக் கொடுக்கும் தாள்களைப் படித்து, கழித்துப் பார்த்து, கணினியில் ஏற்றுவார். ஏதென்ஸ் விமான நிலையத்தில் சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் அலுவலகம். அவர் மேசைக்கு எதிர் மேசை என்னுடையது. எந்த விமானி எந்த நாளில் எங்கே பறக்கவேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. ஒன்பது வருடம் அந்த முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் என்பதால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அவர் ஊர் அக்ரீலியா. எழுநூறு பேர் இருக்கும் தீவு. கப்பலில் போனால் பதினோரு மணி நேரம். காற்று பலமாக இருந்தால் கப்பலே கிடையாது. எங்கள் நாற்பத்தெட்டு இருக்கை விமானத்தில் ஐம்பது நிமிடம். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்று வாரத்துக்கு மூன்று முறை போய்வரும். வாரநாட்களில் ஆர்கிரிஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கொரோப்பியில் ஒரு அறையில் தங்குவார். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போவார். ஞாயிறு திரும்பிவிடுவார். பிள்ளைகள் இல்லை. மனைவி செவாஸ்தி தீவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். தினமும் பதினொரு மணிக்கு அவருக்குப் போன் செய்வாள். அவள் பேசுவது என் மேசை வரைக்கும் கேட்கும்.

"ஏங்க, அந்த எவ்தோகியா இருக்காளா? அவகிட்ட சொல்லுங்க, போன வாரம் அனுப்பின பைலட் இறக்கினதுல எங்க ஊர் ஆடெல்லாம் பயந்து குட்டி போட்டிருக்கும்."

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க," என்பேன் நான்.

"கேட்டுச்சாம்," என்பார் ஆர்கிரிஸ். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கமாட்டார். அப்போதும் அதிகம் பேசாதவர்தான். ஆனால் அப்போது அது அமைதியான ஒரு ஆளின் அமைதி.

செவாஸ்திக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது ஒரு கோடையில். அறுவை முடிந்து, நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற ஏதென்ஸுக்கு வரவேண்டும் என்றார்கள். செவ்வாய் விமானத்தில் வருவாள். வெள்ளிக்கிழமை அவரோடு சேர்ந்து திரும்புவாள். நான்கு முறை அப்படிப் போய் வந்தாள். நாலாவது முறை அலுவலகத்துக்குள்ளேயே வந்து என் மேசையில் ஒரு டப்பா நிறைய எள் உருண்டை வைத்தாள். தலையில் நீலத் துணி கட்டியிருந்தாள். "முடி போனது நல்லதாப் போச்சு, பஸ் கண்ணாடில என்னைப் பாத்து நானே சிரிச்சுக்கறேன்," என்றாள்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய். ஐந்தாவது தடவைக்காக அவள் கிளம்பவேண்டிய நாள். காலையில் வீட்டு வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். தீவில் ஒரே ஒரு ஆம்புலன்ஸ். அது மேட்டுத் தெருவுக்கு ஏறி, அவளை ஏற்றிக்கொண்டு, மலையைச் சுற்றி விமானத்தளத்துக்கு வரவேண்டும். சுகாதார நிலைய நர்ஸ் கலியோப்பி தளத்துக்குப் போன் செய்து, "விமானத்தை விட்டுடாதீங்க," என்று மட்டும் சொன்னாளாம். கேப்டன் லாம்ப்ரோஸ் நின்றார். மற்ற நான்கு பயணிகளும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வண்டி அந்தத் தளத்தில் இல்லை. எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது உறுதியில்லை. அதனால் ஒரு எஞ்சினை ஓடவிட்டே முப்பத்தெட்டு நிமிடம் காத்திருந்தார். தெற்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது.

விமானம் மேலே போன பிறகுதான் ஆர்கிரிஸுக்குச் செய்தி வந்தது. ஓடுதளத்து ஓரத்துக்குப் போய் நின்றார். அன்றைக்கு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்த எட்டு நாளும் காலையில் அலுவலகம் வந்து, இரண்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போனார். "வராதீங்க, நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிப் பார்த்தேன். "அங்க காலையில உள்ள விடமாட்டாங்க," என்றார். அது உண்மைதான். பன்னிரண்டாம் தேதி காலை, முந்தின நாள் தாள்களை ஏற்றும்போது, அக்ரீலியா வரிசையில் 'தரையில் காத்திருப்பு: 71 கிலோ' என்று அவரே எழுதினார்.

செவாஸ்தி பத்தொன்பதாம் தேதி போய்ச் சேர்ந்தாள். இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை விமானத்தில் ஊருக்குக் கொண்டு போனார்கள்.

ஒரு வாரம் கழித்து ஆர்கிரிஸ் வேலைக்கு வந்தார். சவரம் செய்திருந்தார், சட்டை இஸ்திரி போட்டிருந்தது. யார் கையைப் பிடித்தாலும் கொடுத்தார், யார் விட்டாலும் திரும்ப எடுத்துக்கொண்டார். நாற்பதாம் நாள் பூசைக்கு ஊருக்குப் போய், வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளை முத்துகளும் கலந்தது ஒரு காகிதப் பையில் எங்களுக்கு வாங்கி வந்தார். சாப்பிட்டோம். அவரும் சாப்பிட்டார். பதினொரு மணிக்குப் போன் அடிக்காதது எனக்குத்தான் பெரிதாகக் கேட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் எங்கள் மேலாளர் ஸ்டெர்கியோஸ் எல்லோரையும் கூப்பிட்டு, கம்பெனி ஐரோப்பிய லேபிள் திட்டத்தில் சேரப்போகிறது என்றார். ஒவ்வொரு விமானத்துக்கும், ஒரு ஆளுக்கு எத்தனை கிலோ கரியமிலப் புகை என்று டிக்கெட் வாங்கும் திரையிலேயே காட்டும் லேபிள். போன குளிர்காலத்தில் உண்மையில் எரித்ததையும் ஏற்றிய ஆட்களையும் வைத்துக் கணக்கிட்டு, வெளியாள் ஒருவர் சரிபார்த்து, கொலோனில் இருக்கும் ஐரோப்பிய அமைப்புக்கு அனுப்பினால் அவர்கள் வழங்குவார்கள். அடுத்த குளிர்காலம் முழுக்க அந்த எண் நிற்கும்.

"கட்டாயமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்ல. நாமளா சேர்றோம். அதுலதான் மதிப்பே. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் யோசிச்சிட்டு இருக்கறப்ப நாம முன்னாடி நிக்கறோம்," என்றார் ஸ்டெர்கியோஸ். கெட்டவர் இல்லை. பச்சைக் கலர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார், அவ்வளவுதான். "ஆர்கிரிஸ்தான் இதுக்கு ஆணிவேர். எல்லாம் அவர் எழுதி வெச்சிருக்கறதுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆர்கிரிஸ், "அக்ரீலியாவும் சேர்த்தா?" என்று கேட்டார்.

"சேர்ந்தா எல்லா ஊரும் சேர்த்துத்தான். வேணுங்கறதை எடுத்து வேணாங்கறதை விடறதுக்கு இல்ல."

"சரி," என்றார்.

ஆறு வாரம் அதே வேலை. விமானம் விமானமாக எரிபொருள், ஆட்கள், சரக்கு எடை. அக்ரீலியா வழித்தடத்தில் அந்தக் குளிர்காலத்தில் நூற்று இருபத்தாறு பயணங்கள். பாதிக்குமேல் காலி இருக்கைகள். சராசரி பதினொரு பேர். தாளில் பெயர் இருக்காது, தலை எண்ணிக்கை மட்டும்தான். ஆனால் எந்தச் செவ்வாயின் பதினொன்றில், எந்த வெள்ளியின் ஒன்பதில் செவாஸ்தி இருந்தாள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை எண்களில் அவரும் இருந்தார். அந்த வரிசைகளுக்கு வந்தபோது அவர் கை நின்றதா என்று நான் கவனித்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

முதல் கணக்கில் அக்ரீலியாவுக்கு வந்த எண் நூற்று எண்பத்து நான்கு. ஏதென்ஸிலிருந்து ப்ரஸ்ஸல்ஸ் போகும் ஆளுக்கு நூற்று நாற்பதுதான் வந்தது. ஐம்பது நிமிடப் பயணம் மூன்றரை மணி நேரப் பயணத்தைத் தாண்டி நின்றது.

ஜூனில் சரிபார்க்கும் பெண் திரையில் வந்தாள். வெளியிலிருந்து அமர்த்தியவள், மரியாதையாகப் பேசுபவள். வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து பிப்ரவரி பதினொன்றில் நின்றாள்.

"இங்க எழுபத்தொரு கிலோ அதிகமா இருக்கு. கருவி தப்பாக் காட்டியிருந்தா அந்த ஒரு பயணத்தை மட்டும் விலக்கிடலாம். இல்லேன்னா காரணம் ஒரு வரி எழுதித் தரணும்."

"எழுதித் தரேன்," என்றார் ஆர்கிரிஸ். பிறகு, "நானும் ஒண்ணு கேக்கணும். பிப்ரவரி இருபத்தொண்ணு. கீழ்த்தளத்துல ஒரு பெட்டி போயிருக்கு. நூத்தி இருபத்தெட்டு கிலோ. சவப்பெட்டி. அதைச் சரக்குன்னு போடறதா, ஆளுன்னு போடறதா?"

அந்தப் பெண் விதிகளைப் புரட்டினாள். "பயணி, பயணியோட பெட்டி, இது ரெண்டும் இல்லாதது எல்லாம் சரக்கு."

"அப்ப சரக்கு."

"ஆமா. சரக்குல எடை கூடினா ஆள் பங்கு கொஞ்சம் குறையும். உங்களுக்கு நல்லதுதான்," என்றாள் அவள். அவளுக்கு எப்படித் தெரியும்? நான் எழுந்து வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது இருவரும் மார்ச் மாதத்துக்கு வந்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் ஸ்டெர்கியோஸ் அவர் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆர்கிரிஸ், அந்த ஒரு வரிசை. கருவிப் பிழைன்னு போட்டுடுங்களேன். எழுபத்தொரு கிலோ, மொத்தத்துல கண்ணுக்கே தெரியாது. எனக்காகச் சொல்லல. உங்களுக்கும் வேணாம், லாம்ப்ரோஸுக்கும் வேணாம். ஏன் அதைத் தோண்டணும்?"

"கருவி சரியாத்தான் இருந்துச்சு."

"தெரியும்யா. தெரிஞ்சுதான் சொல்றேன்."

"பிழைன்னு எழுதினா பராமரிப்புக்காரங்க கருவியைக் கழட்டிப் பாப்பாங்க. அதுல ஒண்ணும் இருக்காது."

ஸ்டெர்கியோஸ் எழுந்து, நாற்காலியைத் திரும்பத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். ஆர்கிரிஸ் அதை வீம்பாகச் சொல்லவில்லை. நியாயத்துக்காக நின்றார் என்று பிறகு ஆபீஸில் சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொய் எழுதக் கொஞ்சமாவது தெம்பு வேண்டும். அது அவரிடம் இல்லை.

ஆனால் லாம்ப்ரோஸைக் கேட்காமல் எழுதவும் மனமில்லை. விமானிகள் அறையில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தார். அட்டவணை கொடுக்க நானும் போயிருந்தேன்.

"பிப்ரவரி பதினொண்ணு. காரணம் கேக்கறாங்க," என்றார் ஆர்கிரிஸ்.

"எழுதுங்க."

"ஒரு ஆளுக்காக நின்னீங்கன்னு எழுதினா உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க."

"கேக்கட்டும். நான்தானே நின்னேன்." லாம்ப்ரோஸ் கோப்பையை எடுக்காமல் நின்றார். அவர் தாடி நரைத்த, பெரிய உடம்புக்காரர். "ஒண்ணு சொல்லவா ஆர்கிரிஸ்? காத்து ஏறிக்கிட்டே இருந்துச்சு. இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா நான் கிளம்பியிருப்பேன். உள்ள நாலு பேர் இருந்தாங்க. ஆம்புலன்ஸ் வர்றது மலைத் திருப்பத்துல தெரிஞ்சப்ப என் கை எஞ்சின் நெம்புகோல்லதான் இருந்துச்சு. இத்தனை நாளா உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். அதையும் எழுதிக்குங்க."

"அதுக்கு இடம் இல்ல. ஒரு வரிதான்," என்றார் ஆர்கிரிஸ்.

லாம்ப்ரோஸ் அவர் தோளில் கையை வைத்தார். ஆர்கிரிஸ் அந்தக் கையைப் பார்த்தார், மழை வருகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பவரைப் போல. பிறகு மேசைக்கு வந்து எழுதினார்: 'நோயாளி ஒருவருக்காக ஒரு எஞ்சின் ஓட, தரையில் முப்பத்தெட்டு நிமிடம் காத்திருப்பு.' சரிபார்க்கும் பெண் ஏற்றுக்கொண்டாள். லாம்ப்ரோஸை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில் லேபிள் திரையில் வந்தது. முதல் நாளே அக்ரீலியாவில் ஒருத்தி டிக்கெட் வாங்கும்போது பார்த்துவிட்டுப் படம் எடுத்து ஊரின் இணையப் பக்கத்தில் போட்டாள். இரண்டு நாளில் ஒரு பத்திரிகை 'நாட்டிலேயே அழுக்கான ஐம்பது நிமிடம்' என்று தலைப்புப் போட்டது. அரசாங்க உதவியில் ஓடும் வழித்தடம் அது. இவ்வளவு புகை விட்டு எதற்கு ஓட்டவேண்டும் என்று யாரோ ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தொலைக்காட்சியில் கேட்டார். தீவில் கொதித்துப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, கம்பெனியிலிருந்து ஆள் வந்து விளக்கவேண்டும் என்று ஊர்த்தலைவர் கடிதம் எழுதினார். ஸ்டெர்கியோஸ் ஆர்கிரிஸைத்தான் அனுப்பினார். "உங்க ஊர், உங்களை ஒண்ணும் சொல்லமாட்டாங்க," என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயும் கூடப் போயிட்டு வா," என்றார்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை போனோம். விமானத்தில் ஒன்பது பேர். நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அவர் ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடக் கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சிறு பிள்ளைகளின் நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஆர்கிரிஸ் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றதும் கசாப்புக்கடை பனொர்மிட்டிஸ்தான் முதலில் எழுந்தான். அவரும் இவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"என்னடா ஆர்கிரி, ப்ரஸ்ஸல்ஸ் போறவன் எங்களைவிடக் கம்மியாப் புகை விடறானாமே? அவன் என்ன பொடிநடையாவா போறான்?"

சிரிப்பு எழுந்தது. ஆர்கிரிஸ் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"அவன் விமானத்துல நூத்தி எழுபது பேர். நம்மளுதுல பதினொண்ணு. எரியறதைத் தலைக்குப் பிரிக்கறாங்க. அவ்வளவுதான்."

"அப்ப நாங்க என்ன செய்யணும்? பிள்ளை பெத்துப் பெத்து விமானத்தை நிரப்பணுமா?" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி.

"உனக்கு எழுபது ஆச்சு, நீ உக்காரு!" என்று யாரோ கத்த, மறுபடி சிரிப்பு.

பனொர்மிட்டிஸ் சிரிக்கவில்லை. "உங்க கம்பெனியை இதுல சேரச் சொல்லி எவன்டா கட்டாயப்படுத்தினது?"

"யாரும் இல்ல. தானாத்தான் சேர்ந்தாங்க."

"தானாப் போய்ச் சேர்ந்து எங்க மூஞ்சில கரி பூசிட்டீங்க. நாங்க என்ன கடற்கரையில வெயில் காயவா போறோம்? கண்ணுக்கு, நெஞ்சுக்கு, சிறுநீரகத்துக்குப் போறோம். அதை எந்த லேபிள்ல போட்டிருக்கே?" அவன் குரல் ஏறியது. "உன் பொண்டாட்டியும் இதே விமானத்துலதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. அவளுக்கும் நூத்தி எண்பத்திநாலுன்னு கணக்கு எழுதினியாடா?"

பனொர்மிட்டிஸின் மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுதினேன்," என்றார் ஆர்கிரிஸ். ப்ரஸ்ஸல்ஸைப் பற்றிச் சொன்ன அதே குரல். "அந்தக் குளிர்காலத்துல அவ ஒன்பது தடவை பறந்தா. அந்த ஒன்பதையும் எடுத்துட்டுப் போட்டுப் பாத்தேன். நூத்தி எண்பத்தஞ்சு வருது. அவ இருந்ததால ஒண்ணு கம்மி."

பனொர்மிட்டிஸ் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். நர்ஸ் கலியோப்பிதான் எழுந்தாள். ஒல்லியான, கறாரான பெண். எதையும் கையில் எழுதி வைத்துக்கொள்ளாமல் நினைவில் வைத்திருப்பவள்.

"அப்ப ஒரே நாள்ல இருபது பேர் போனா?"

"பாதியாக் குறையும்."

"ஆஸ்பத்திரி நேரம் எல்லாம் நான்தான் வாங்கித் தரேன். ஒருத்தருக்குச் செவ்வாய், ஒருத்தருக்கு வெள்ளி, ஒருத்தருக்குத் திங்கள்னு வாங்கறேன், கிடைச்சதை வாங்கறேன். எல்லாருக்கும் புதன்கிழமைன்னு கேட்டு வாங்கினா எல்லாரும் செவ்வாய் ஒரே விமானத்துல போகலாம் இல்லையா?"

"போகலாம்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கல," என்றார் ஆர்கிரிஸ். அது நக்கல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியவில்லை போல, இரண்டு மூன்று பேர் முகத்தைச் சுளித்தார்கள்.

திரும்ப ஞாயிறுதான் விமானம். சனிக்கிழமை காலை அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். சமையலறையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். காபி போட்டுக் கொடுத்தார். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு நாட்காட்டி. மூன்று வாரத்துக்கு ஒன்றாக நீல மையில் வட்டம் போட்டிருந்தாள் செவாஸ்தி. ஏப்ரல் வரைக்கும் போட்டு வைத்திருந்தாள்.

"இதை எடுத்துடலாமே," என்றேன்.

"எடுக்கணும்னு தோணல. வெக்கணும்னும் தோணல."

ஞாயிறு தளத்துக்குப் போனபோது பனொர்மிட்டிஸ் வாசலில் நின்றிருந்தான். எங்கள் பக்கம் வரவில்லை. தளத்துப் பெண்ணிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். பிரித்தால் ஒரு முழு ஆட்டுத்தொடை, நன்றாகத் துடைத்து உப்புத் தடவி, காகிதத்தில் சுற்றியது. ஆர்கிரிஸ் அதை என் மடியில் வைத்தார். "எங்கிட்ட அடுப்பு இல்ல," என்றார். எங்கள் வீட்டில் அதை எலுமிச்சையும் உருளைக்கிழங்கும் போட்டு வாட்டினோம். அவரையும் கூப்பிட்டோம். வந்தார், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார், போனார்.

கலியோப்பி சொன்னதைச் செய்தாள். ஜனவரியிலிருந்து தீவின் நோயாளிகள் எல்லோரும் செவ்வாய் போய் வெள்ளி திரும்பினார்கள். அந்த இரண்டு நாளும் விமானம் நிறைந்து ஞாயிறு காலியாவதைப் பார்த்த அமைச்சகம், ஞாயிற்றுக்கிழமை பயணத்தைக் குளிர்காலத்துக்கு நிறுத்திவிட்டது. கம்பெனியும் தலையசைத்தது. அதன்பிறகு சராசரி பதினேழு பேர் ஆயிற்று. மறு வருட லேபிளில், ஜனவரிக்கு முந்தைய காலி மாதங்களையும் சேர்த்து, அக்ரீலியாவுக்கு வந்த எண் நூற்று நாற்பத்தேழு. ஸ்டெர்கியோஸ் கேக் வாங்கி வந்தார். அதே பத்திரிகை, தன் புகையைத் தானே குறைத்த தீவு என்று எழுதி, கலியோப்பி படத்தைப் போட்டது.

அந்த லேபிள் வருவதற்கு முந்தைய மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்ட கிழவியின் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. மறுநாள் விமானம் இல்லை. ஹெலிகாப்டர் கேட்டு வாங்கினார்கள். மூன்று மணி நேரம் கழித்து வந்தது. பிழைத்துக்கொண்டார், இடது கை மட்டும் வரவில்லை. ஹெலிகாப்டருக்கு லேபிள் கிடையாது, அதனால் எங்கள் கணக்கில் எதுவும் ஏறவில்லை. இதை ஆர்கிரிஸ்தான் எனக்குச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை விமானம் இருந்திருந்தாலும் மறுநாள்தான். ஹெலிகாப்டர்தான் சீக்கிரம்," என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் தாளைத் திருப்பாமல் இருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. கலியோப்பிக்கு அன்று அவர் போன் செய்தார் என்பது மட்டும் தெரியும். அவள் அழுதாளாம். அவள் அழுது முடிக்கும்வரை அவர் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஏறக்குறைய இருபது நிமிடம், ஒன்றும் சொல்லாமல்.

போன டிசம்பரில் ஒரு நாள் ஆர்கிரிஸ் மதியம் பல் மருத்துவரிடம் போய்விட்டுக் கன்னம் வீங்கி அலுவலகத்துக்கு வந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள்.

"மரத்துப்போகப் போட்ட ஊசி பிடிக்கல, எவ்தோகியா," என்றார். "ரெண்டு ஊசி போட்டான், ரெண்டும் பிடிக்கல. குறடை வெச்சு இழுக்கறப்ப உயிரே போயிடுச்சு. கத்திட்டேன். வெளிய உக்காந்திருந்தவங்கெல்லாம் கேட்டிருப்பாங்க. ஒரு அம்மா எழுந்து வீட்டுக்கே போயிட்டாங்களாம்."

"ஐயோ, இப்ப எப்படி இருக்கு?"

"வலிக்குது. நல்லா வலிக்குது. இந்தப் பக்கம் காது வரைக்கும் வலிக்குது."

அதை ஸ்டெர்கியோஸிடம் போய் இன்னொரு முறை சொன்னார். வாசலில் லாம்ப்ரோஸைப் பார்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார். குறடு எவ்வளவு பெரியது என்று கையால் காட்டினார். ஒன்பது வருடத்தில் அவர் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. செவாஸ்தி போனபிறகு வலிக்கிறது என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. லாம்ப்ரோஸ், "எங்க, வாயைத் திறங்க பாப்போம்," என்றார். ஆர்கிரிஸ் சன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து காட்டினார்.